அம்மா ஒரு கொலை செய்தாள்: நிறம் குறித்த ஒரு வாசிப்பு

'அம்மா ஒரு கொலை செய்தாள்' அம்பை (இயற்பெயர் சி.எஸ். லக்ஷ்மி, பிறப்பு 1944) எழுதிய சிறுகதை. அவருடைய 'சிறகுகள் முறியும்' (1976) தொகுப்பில் இடம்பெற்றது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கில வாசகர்களையும் அடைந்தது. தமிழில் பெண் எழுத்து பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நினைவுகூரப்படும் கதைகளில் ஒன்று. பூப்பெய்தும் சிறுமியின் கதை, தாய் மகள் உறவின் கதை என்றே இது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பில் குறை இல்லை. ஆனால் கதையின் உச்சத்தில் அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வெளிவரக் காரணமாக இருப்பது நிறம். அந்தக் காரணத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' (1970) நாவல் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கதை

கதையைச் சொல்பவள் வளர்ந்துவிட்ட பெண். அவள் நினைவில் அம்மா தனித்தனிக் காட்சிகளாக வருகிறாள். அவற்றில் அம்மா சாதாரண வீட்டுப் பெண்ணாக இல்லை. தீயாக, தெய்வமாகத் தெரிகிறாள். அம்மா சிவப்பு, மகள் கறுப்பு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வேளையில், அம்மாவைப்போலத் தான் ஏன் சிவப்பாக இல்லை என்று குழந்தை கேட்கிறாள். உன் அழகு யாருக்கு வரும் என்கிற பொருளில் அம்மா பதில் சொல்லிவிடுகிறாள். குழந்தைக்கு அது போதுமானதாக இருக்கிறது.

இந்தச் சிறு உரையாடலை வாசகர் எளிதாகக் கடந்துவிடக்கூடும். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது. அம்மா எண்ணெய் தேய்த்துவிடும் வயதிலேயே, நிறங்களுக்குள் உசத்தி தாழ்த்தி உண்டு என்பதும் தன்னுடையது தாழ்ந்தது என்பதும் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. யார் கற்றுக்கொடுத்தார்கள்? கதை சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பள்ளிக்கூடம், தெரு, வீட்டுக்கு வரும் உறவினர்கள் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் அது வந்திருக்கலாம். அம்மாவின் பதில் இந்த வரிசையை மறுக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். சிவப்பு உசத்தி என்பது பொய் என்று அவள் சொல்லவில்லை. அந்த வரிசையிலிருந்து தன் மகளை மட்டும் அன்பினால் தூக்கி வெளியே வைக்கிறாள். அந்தச் சிறுமி தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் நல்ல எண்ணம் முழுவதும், ஒரே ஆணியில் மாட்டிய படம்போல, அம்மாவின் சொல்லில் தொங்குகிறது.

பதின்மூன்று வயதில் அவள் பூப்பு என்றால் என்ன என்று கேட்கிறாள். அம்மா விளக்கவில்லை. நீ இப்படியே பாவாடையைக் கட்டிக்கொண்டு ஓடி ஆடிக்கொண்டிரு என்று வாழ்த்துவதுபோல ஏதோ சொல்கிறாள். பிறகு உறவுப் பெண் ஒருத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா வெளியூர் போகிறாள். அவள் இல்லாத நாட்களில் மகளுக்கு முதல் உதிரப்போக்கு வருகிறது. அக்கா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், அக்கம்பக்கத்துப் பெண்கள் வருகிறார்கள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் பயமுறுத்துகின்றன. அம்மா வந்தால் சரியாகிவிடும் என்று சிறுமி காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்ற செய்தியோடு வருகிறாள். மகளின் விஷயத்தைக் கேட்டதும், இதற்கு இப்போது என்ன அவசரம், இது வேறு இனி ஒரு பாரம் என்கிறாள். கதை அத்தோடு முடிகிறது என்றே சொல்லலாம்.

ஒரு கணக்கு

அம்மா சொன்ன சொற்களில் 'கறுப்பு' என்பது இல்லை. மகளை அவலட்சணம் என்று அவள் திட்டவில்லை. ஆனாலும் மகள் விழுந்துவிடுகிறாள். இது எப்படி நடக்கிறது என்பதில்தான் அம்பையின் திறன் இருக்கிறது. உறவுப் பெண் கறுப்பு, அதனால் விலக்கப்பட்டாள். தன் மகளும் கறுப்பு. இன்றுமுதல் அவளும் பெண் பார்க்கப்பட வேண்டியவள். அம்மா ஒரு நொடியில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறாள். அதே நொடியில் மகளும் போட்டுவிடுகிறாள். கணக்கின் விடை மட்டும் பாரம் என்ற சொல்லாக வெளியே வருகிறது.

கொல்லப்பட்டது எது என்று கேட்டால், குளியலறையில் அன்று சொன்ன பதில் என்று சொல்ல வேண்டும். வெளியார் வந்து அழித்திருந்தால் அதை மறுபடி கட்டிக்கொள்ள அம்மா இருப்பாள். சொன்னவளே திரும்ப எடுத்துக்கொண்டால் மேல்முறையீடு செய்ய இடமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களின் பேச்சு அத்தனையும் செய்யாததை அம்மாவின் ஒரு வாக்கியம் செய்வது இதனால்தான்.

அம்மாவைக் கொடுமைக்காரியாக வாசிப்பது எளிது. தலைப்பே அவளைக் கொலையாளி என்கிறது. ஆனால் அன்று அவள் வாயில் வந்தது மாப்பிள்ளை வீட்டாரின் வாக்கியம். ஊரிலிருந்து அதைச் சுமந்து வந்து தன் வீட்டு வாசலில் இறக்குகிறாள். கல்யாணச் சந்தையில் நிறத்துக்கு விலை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஆனாலும் 'நிறம் கொஞ்சம் மட்டு, அதனால் ரெண்டு பவுன் கூடப் போடுகிறோம்' என்கிற வகைப் பேச்சு தமிழ் வீடுகளில் நின்றுவிடவில்லை. பாரம் என்ற சொல்லை அம்மா உவமையாகச் சொல்லவில்லை. அது பவுன் கணக்கு. அழகு பற்றிய மதிப்பீடு பெண்ணின் தன்மதிப்பைக் குலைக்கிறது என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தப் பண விஷயம் விட்டுப்போய்விடுகிறது. பெண்ணுக்குத் தன்னம்பிக்கை ஊட்டினால் சரியாகிவிடும் என்ற அறிவுரை அரைகுறையாகத் தோன்றுவதும் இந்த இடத்தில்தான்.

பேச்சில் நிறம்

தமிழில் 'கலராக இருப்பாள்' என்றால் சிவப்பாக இருப்பாள் என்று பொருள். 'நல்ல நிறம்' என்றாலும் அதேதான். கறுப்பாக இருப்பவளுக்கு 'நிறம் மட்டு', 'நிறம் கம்மி'. அதாவது நிறம் என்பதே ஓர் அளவு. சிலருக்கு நிறைய வாய்த்திருக்கிறது, சிலருக்குக் குறைவு. 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்' என்பது பாராட்டு என்று நினைத்துச் சொல்லப்படுவது. அதில் 'இருந்தாலும்' என்ற சொல் செய்யும் வேலையை இலக்கணம் படித்த எவரும் காணலாம். மணமகள் தேவை விளம்பரங்களில் 'மாநிறம்' என்ற சொல் கறுப்பை மறைக்கும் திரையாகப் புழங்குகிறது. கருவுற்ற பெண்ணுக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கும் வழக்கத்தில் குழந்தை பிறக்கும் முன்பே கவலை தொடங்கிவிடுகிறது.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்ற பழமொழியும் இந்த வரிசையில் சேரும். தாய்ப்பாசத்தைச் சொல்ல வந்தது அது. ஆனால் காக்கை தன் குஞ்சைக் கறுப்பாகவே கண்டு மகிழ்வதாக யாரும் சொல்லவில்லை. பொன்னாகக் கண்டால்தான் மகிழ முடியும் என்று வைத்திருக்கிறார்கள். அம்பையின் கதையில் குளியலறை அம்மா செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

சந்தை இந்தப் பேச்சைப் பின்னால் வந்து பயன்படுத்திக்கொண்டது. ஃபேர் அண்ட் லவ்லி பசை 1975இல் விற்பனைக்கு வந்தது. தடவியவளுக்கு மாப்பிள்ளையோ வேலையோ கிடைத்துவிடும் என்ற மாதிரியான விளம்பரக் கதைகள் பல ஆண்டுகள் ஓடின. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' நீக்கப்பட்டு 'க்ளோ' வந்தது. இதற்கு எதிரான குரலும் சென்னையிலிருந்து எழுந்தது. 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தார்.

பிக்கோலாவின் நீலக் கண்கள்

'தி புளூயஸ்ட் ஐ' மாரிசனின் முதல் நாவல். அவர் பிறந்த ஒஹையோ மாநிலத்து லொரெய்ன் நகரில், 1940 இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த கோடைவரை நடப்பது. பிக்கோலா பிரீட்லவ் என்ற பதினொரு வயதுக் கறுப்பினச் சிறுமி தனக்கு நீலக் கண்கள் வேண்டுமென்று இறைவனை வேண்டிக்கொள்கிறாள். கண்கள் மாறினால் வீட்டுச் சண்டை நின்றுவிடும், எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்பது அவள் எண்ணம். பெற்ற தந்தையாலேயே சீரழிக்கப்பட்டுக் கருவுறுகிறாள். முடிவில் புத்தி பேதலித்து, நீலக் கண்கள் கிடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறாள். தொடக்கப் பள்ளியில் உடன்படித்த ஒரு சிறுமி நீலக் கண்களுக்கு ஆசைப்பட்டதைக் கேட்டதிலிருந்து நாவலின் விதை விழுந்தது என்று மாரிசன் பின்னாளில் எழுதினார்.

நாவல் ஒரு தொடக்கப் பள்ளி வாசிப்புப் பாடத்தோடு தொடங்குகிறது. அழகான வீடு, அம்மா, அப்பா, டிக் என்ற பையன், ஜேன் என்ற பெண். அதே பாடம் நிறுத்தற்குறிகள் இன்றி மறுபடி வருகிறது. பின்பு சொற்களுக்கிடையே இடைவெளியும் இன்றி மூன்றாம் முறை வருகிறது. பாடப்புத்தகத்தை வைத்து வகுப்பெடுத்தவர்களுக்கு இந்தப் பக்கம் உறைக்கும். எழுத்தறியக் கொடுத்த பாடமே 'நீ இந்தப் படத்தில் இல்லை' என்பதையும் சேர்த்துக் கற்பித்துவிடுகிறது. நம்மூர் வகுப்பறைகளிலும் இதற்கு ஓர் எளிய சான்று உண்டு. கிரேயான் பெட்டியில் உள்ள வெளிறிய ரோஜா நிறக் குச்சியைப் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். வகுப்பில் எந்தப் பிள்ளையின் தோலும் அந்த நிறத்தில் இருப்பதில்லை.

பிக்கோலா கற்ற பாடங்கள் பல. ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்தின் படம் போட்ட கோப்பையில் குடிக்க வேண்டுமென்பதற்காகவே பாலைக் குடித்துத் தீர்க்கிறாள். மிட்டாய் வாங்கப் போனால் கடைக்காரரின் கண்கள் அவள்மேல் பட்டும் படாமல் நழுவுகின்றன. வாங்கிய மிட்டாயின் உறையில் சிரிப்பது ஒரு வெள்ளைச் சிறுமி. இவையெல்லாம் வெளியிலிருந்து வருபவை. இந்த நாவலிலும் மிகக் கூரிய அடி தாயிடமிருந்தே வருகிறது. தாய் பாலின் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். அங்கே வந்த பிக்கோலா கைதவறிச் சூடான பழப் பலகாரத்தைத் தட்டிவிடுகிறாள். கால் வெந்துபோன மகளைத் தாய் அடிக்கிறாள். பயந்து அழும் எசமானர் வீட்டு வெள்ளைக் குழந்தையை அணைத்துத் தேற்றுகிறாள். பாலினும் ஒரு காலத்தில் திரைப்படக் கொட்டகையில் உட்கார்ந்து வெள்ளை நடிகைகளைப் பார்த்து அழகு எது என்று கற்றுக்கொண்டவள் என்பதை மாரிசன் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர் தம்பதியர் 1940களில் கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்பு பொம்மையையும் வெள்ளை பொம்மையையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்த ஆய்வுக்கு இடமிருந்தது. மாரிசனின் நாவலில் கதை சொல்லும் கிளாடியா என்ற சிறுமி மட்டும் விதிவிலக்கு. பரிசாக வந்த வெள்ளை பொம்மையைப் பிய்த்துப் பார்க்கிறாள், உள்ளே அப்படி என்னதான் அழகு இருக்கிறது என்று. அவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. திட்டினாலும் இரவில் போர்த்திவிட வருகிற தாய் இருக்கிறாள்.

ஒன்றல்ல, ஆனாலும்

இரண்டு கதைகளையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. பிக்கோலாவின் கறுப்புக்குப் பின்னால் அடிமை முறையின் வரலாறு இருக்கிறது. அம்பையின் சிறுமி சாதியாலோ வறுமையாலோ ஒதுக்கப்பட்ட குடும்பத்தவள் அல்ல. ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள் கூடத் தமிழகத்தில் நிறம் தரம் பிரிக்கும். வெள்ளையரும் கறுப்பரும் எதிர்நிற்கும் இனப் பிளவு இங்கே இல்லை.

சாதியோடு அதற்குத் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) நாவலில் குமரேசன் மணந்து கூட்டிவரும் சரோஜா சிவப்பு. அந்த ஊர் அதைக் கண்டு மகிழவில்லை. வெயிலில் காட்டுவேலை செய்த உடம்பாக இது தெரியவில்லையே, இவள் நம்மவளாக இருக்க முடியாதே என்று அவள் நிறத்திலிருந்தே சந்தேகம் கிளம்புகிறது. பொதுவாக உசத்தி என்று கொண்டாடப்படும் சிவப்பு இங்கே குற்றச்சாட்டாகிவிடுகிறது. நிறத்தைப் பார்த்துச் சாதியையும் உழைப்பையும் படிக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது போதும். அம்பையும் பெருமாள்முருகனும் இருவேறு உலகங்களை எழுதினாலும், பெண்ணின் தோல் மற்றவர்கள் படிக்கும் ஏடாக இருப்பது இரண்டிலும் ஒன்றே.

மாமையிலிருந்து அங்கவை வரை

இது என்றைக்கும் இப்படி இருந்ததா என்ற கேள்விக்குச் சங்க இலக்கியம் வேறு பதில் தருகிறது. தலைவியின் அழகைச் சொல்லும் சொற்களில் ஒன்று 'மாமை'. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் விளக்கும் கருமை கலந்த மினுமினுப்பு அது. தலைவன் பிரிந்தால் அவளிடம் படர்வது பசலை. பசலை என்பது வெளிறிப்போதல். அக்காலத் தலைவி மாமை போய்விட்டதே என்று வருந்தினாள்; பிற்காலத்தவள் அந்த வெளிறலைக் காசு கொடுத்து வாங்கப் போனாள். சங்கப் பாடல்களில் பொன்மேனியும் உண்டு என்பதால் இதை மிகைப்படுத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் கருமை 'இருந்தாலும்' என்ற ஒட்டு இல்லாமலே அழகாக இருந்த ஒரு மொழி இங்கே இருந்திருக்கிறது.

கறுப்புத் தெய்வங்களை வணங்கும் நாட்டில் நிறப் பாகுபாடு எங்கிருந்து வரும் என்ற வாதமும் அடிக்கடி எழும். திருவேற்காட்டுக் கருமாரியைச் சேவித்துவிட்டுச் சிவப்பாகப் பெண் தேடுவதில் யாருக்கும் தடை இருந்ததில்லை. தவிர, சிவபெருமான் தன் கருமையைக் கேலி செய்தார் என்று பார்வதி தவமிருந்து அந்தத் தோலை நீக்கிக் கௌரியான கதை மச்ச புராணத்திலேயே இருக்கிறது.

திரைப்படத்துக்கு வந்தால் 2007இல் ஷங்கர் இயக்கத்தில் வெளியான 'சிவாஜி' ஒன்றே போதும். அதில் கறுப்பான இரு சகோதரிகள் நாயகனை மிரளவைக்கும் நகைச்சுவைப் பாத்திரங்களாக வருகிறார்கள். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரியின் மகளிரை மரபு அழைக்கும் பெயர்கள். தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த அந்த மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாடல் நிற்கிறது. தமிழ்ப் பெண் குரலில் எஞ்சியிருக்கும் மிகத் துயரமான பாடல்களில் அது ஒன்று. திரையரங்கு அந்தப் பெயர்களைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது. அதே படத்தில் நாயகனும் சிவப்பாவதற்கு என்னென்னவோ பூசிக்கொள்கிறான். ஒரு பாடலில் கணினியின் உதவியால் வெள்ளைக்காரனாகவே வருகிறான். ஆணுக்கு அது வேடிக்கையோடு முடிந்துபோகிறது. சகோதரிகள் படம் முழுவதும் வேடிக்கைப் பொருளாகவே இருந்துவிடுகிறார்கள்.

பேனரில் ஒரு முகம்

அம்பையின் கதை அரை நூற்றாண்டுப் பழையது. இப்போதைய நிலையைக் காணத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பார்க்கலாம். மஞ்சள் நீராட்டு விழா நடக்கும் மண்டபத்தின் வாசலில் பிளெக்ஸ் பேனர் நிற்கும். பட்டும் நகையுமாகச் சிறுமியின் படம். உள்ளே மேடையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் முகத்தைவிடப் பேனர் முகம் இரண்டு மூன்று படி வெளுத்திருக்கும். பெரும்பாலும் யாரும் அதைக் கேட்டுச் செய்வதுகூட இல்லை. ஸ்டுடியோக்காரர் வழக்கமாகச் செய்கிற வேலை. பூப்பெய்திய அன்றே அவளுக்கு இன்னொரு முகம் அச்சாகிவிடுகிறது, அதைவிட ஒரு படி குறைவானவளாக அவள் மேடையில் இருக்கிறாள்.

கேரளத்தின் தலைமைச் செயலராக இருந்த சாரதா முரளீதரன், தன் நிறத்தைக் குறித்து ஒருவர் சொன்ன கருத்துக்கு 2025 மார்ச்சில் முகநூலில் வெளிப்படையாகப் பதில் எழுதினார். நான்கு வயதில், தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதை அதில் நினைவுகூர்ந்திருந்தார். ஒரு மாநிலத்தின் நிர்வாகத் தலைமைவரை உயர்ந்த பின்னும் மறக்கவில்லை.

சொல்பவளும் சொல்லப்படாதவளும்

பிக்கோலாவால் தன் கதையைச் சொல்ல முடியவில்லை. கிளாடியாதான் சொல்கிறாள். அம்பையின் சிறுமியோ தானே சொல்கிறாள், வளர்ந்த பின் திரும்பிப் பார்த்து. அவள் தப்பித்துவிட்டாள் என்பதற்குக் கதை தரும் சான்று இது ஒன்றுதான். அதன் பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று, அம்மாவிடம் மறுபடி எப்படிப் பேசினாள், யாரை மணந்தாள் என்பதையெல்லாம் அம்பை எழுதவில்லை. எழுதாமல் விட்டதே சரி என்று தோன்றுகிறது. ஏதாவது ஓர் ஆறுதலை ஒட்டவைத்திருந்தால் அம்மாவின் வாக்கியம் வெறும் கோபமாகச் சுருங்கியிருக்கும்.

இந்தக் கதையின் பிக்கோலா யார் என்று தேடினால் வேறொருத்தி கிடைக்கிறாள். கறுப்பு என்று நேரடியாகச் சொல்லி விலக்கப்பட்டவள் அந்த உறவுப் பெண். கதையில் அவள் பேசுவதில்லை. அலங்கரித்துக் கொண்டு வந்தவர்கள் முன் நமஸ்கரித்து நின்றிருப்பாள், காப்பித் தம்ளர்களைத் திரும்ப எடுத்திருப்பாள். பதில் வந்த பிறகு அந்த வீட்டில் விளக்கு வைத்து, சமைத்து, எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். ஒருத்தியின் துயரம் இன்னொரு வீட்டுக்குச் செய்தியாகப் போய் அங்கே ஒரு சிறுமியை வீழ்த்தியது வரைக்கும் நமக்குத் தெரிகிறது. அன்றிரவு அவளிடம் அவள் அம்மா என்ன சொன்னாள் என்பது தெரியவில்லை.